மூணு மலை, ஒரு மாடு, ஒரு பொய்ச்சாட்சி

என் தம்பி ஜான்சன் பொய் சொல்லிவிட்டான்.

சாதாரணப் பொய் இல்லை. சர்ச்சில், கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சாட்சி சொல்கிற நேரத்தில், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன பொய். "காட்டுல வழி தெரியாம தொலைஞ்சிபோன எங்க அக்காவ, மலை உச்சிக்கே போய் கண்டுபுடிச்சி, பத்திரமா கூட்டினு வந்தோம்" என்றான். சபை கைதட்டியது. பின்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முட்டியில் பிளாஸ்திரி, மூக்கில் கீறல். பார்க்கிறவர்களுக்குத் தொலைந்துபோய்க் கிடைத்த ஆள் மாதிரியேதான் தெரிந்திருப்பேன். அது வேறு எரிச்சல்.

நான் தொலையவில்லை. ஒரு நிமிடம்கூட!

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். விட விடுகிறார்களா? அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் சித்தூரில் திருப்பதி பஸ் ஏறினால்கூடத் துணைக்கு ஆள் அனுப்புகிறார்கள். மார்க்கெட்டில் தக்காளிக்காரர், "டீச்சர், வீட்டுக்கு வழி தெரியும் இல்ல?" என்கிறார். காலமெல்லாம் பி.டி. டீச்சராக இருந்து ஊர்ப் பிள்ளைகளை மைதானம் சுற்ற விட்டவள் நான். இன்று எனக்கு ரோடு கிராஸ் பண்ணக் கை கொடுக்கிறார்கள். அடுத்த மலைக்குப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் குடும்பமே கதவுக்குக் குறுக்கே நிற்கிறது. எல்லாம் அந்த மைக்கால் வந்த வினை.

ஆகவே, நடந்தது நடந்தபடி.

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிற வழக்கம் உண்டு. தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம்தான் வருடம் முழுக்க உனக்கு. ஜான்சனுக்குச் செழிப்பைப் பற்றி வந்தது. அவனுக்கு எப்போதும் அதுதான் வருகிறது. அவன் கண்ணை முழுசாக மூடுவதில்லை என்பது என் சந்தேகம். எனக்கு மலைகளைப் பற்றி வந்தது.

மலை! ரிட்டயர் ஆகி, டிவி ரிமோட்டுக்குக் காவல் இருந்தவளுக்கு மலை! இதற்கு மேல் என்ன வேண்டும்? நாகலாபுரம் பக்கத்துக் காட்டில் மூன்று உச்சி, மூன்று நாள், தனியாக... முடிவு செய்துவிட்டேன். இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் உங்களிடமும் அறிவித்தேன். 'தனியாக' என்ற சொல்லை இரண்டு முறை எழுதியிருந்தேன் — ஞாபகம் இருக்கும்.

என் வீட்டுக்காரர் அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஏம்மா, இதுல மலைய பாருன்னுதான போட்டுக்கீது? ஏறுன்னு எங்க போட்டுக்கீது?"

"பாக்கறதுக்கு நீங்க இருங்க. ஏறதுக்கு நான் போறேன்."

அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பரணிலிருந்து பையை இறக்கி வைத்தார். நல்ல மனிதர்.

ஆனால் ஊர்? நம் ஊரில் ஒரு பெண் தனியாக ஓரிடத்துக்குப் போகிறாள் என்றால், ஒன்று வீட்டில் சண்டை, இல்லை டாக்டர் ஏதோ சொல்லிவிட்டார். வேறு காரணமே கிடையாது. காட்டுக்கு அனுமதி வாங்கப் போன ஆபீசில் இருந்தவர், "ஒக்கரேனா?" என்றார் — ஒருத்தர்தானா? ஆமாம் என்றேன். எட்டி எனக்குப் பின்னால் பார்த்தார், வராந்தாவில் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று. பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்ட்லோ ஏமைனா கொடவா, மேடம்?" வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்கிறார்! அரசாங்க ஆபீசில்!

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அதைவிட மோசம். முதுகில் பையோடு நின்று, மலை ஏறப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கண்டக்டர் என் பையைப் பிடுங்காத குறையாக, "கொண்டக்கா அம்மா? அதிகோ, கொண்ட பஸ்ஸு அக்கட!" — மலை பஸ் அங்கே நிற்கிறதாம் — என்று திருமலை பஸ்ஸுக்குத் தள்ளினார். திருப்பதியில் மலை என்றால் ஒரே மலைதான். வேறு மலையும் இருக்கிறது, அதிலும் ஏறலாம் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் என் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸில், நாராயணவனம் தாண்டும்போது பக்கத்து சீட் அம்மா கேட்டார்: "வூட்டாண்ட சொல்ட்டு வந்தியாம்மா?" சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றேன். நம்பவில்லை. ஒரு முறுக்கை எடுத்துக் கையில் வைத்து, "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றார்.

முறுக்கு நன்றாக இருந்தது. அது வேறு விஷயம்.

என் ஏற்பாடு சரியான ஏற்பாடு. நகரியில் தறி வைத்திருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, தறியில் கழிந்த சிவப்புத் துணி நாடாக்களை ஒரு பை நிறையக் கொடுத்திருந்தாள். ஏறுகிற வழியெல்லாம் கிளையில் ஒன்று கட்டிக்கொண்டே போக வேண்டியது, இறங்கும்போது அவிழ்த்துக்கொண்டே வர வேண்டியது. கழுத்தில் என் பழைய பி.டி. விசில். பையில் அவல், வெல்லம், தண்ணீர், சின்னக் கூடாரம். இதில் தொலைவதற்கு எங்கே இடம் இருக்கிறது?

முதல் மலை. கரடி உண்டு, ஜாக்கிரதை என்று கீழே சொல்லி அனுப்பியிருந்தார்கள். முள்ளில் தவழ்ந்து, பாறையைக் கட்டிப்பிடித்து, உச்சிக்குக் கொஞ்சம் கீழே வந்தபோது மேலே புதருக்குள் பெரிய மூச்சு. புஸ்... புஸ்... விசிலை ஊதினேன். மூச்சு நிற்கவில்லை. இன்னும் பலமாக ஊதி, பழக்க தோஷத்தில் "அட்டென்ஷன்!" என்று கத்திவிட்டேன். கரடி அட்டென்ஷனில் நிற்குமா என்றெல்லாம் அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. கடைசிப் பாறையைப் பிடித்துத் தலையைத் தூக்கினால்... உச்சியில் ஒரு மாடு.

செவலை மாடு. கழுத்தில் மணி. நின்று மென்றுகொண்டிருந்தது. நான் நாலு காலில் ஏறிய இடத்துக்கு அதுவும் நாலு காலில்தான் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீ எந்தப் பக்கமாடி வந்த?" என்று கேட்டேன். அது பதிலுக்கு, நான் அப்போதுதான் மரக்கிளையில் கட்டிய நாடாவை இழுத்துத் தின்றது. "துப்பு! துப்பு சொல்றேன்!" என்று கையை நீட்டினேன். எதிர்ச் சரிவில் ஒரு ஆள் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்குச் சொந்தக்காரர், முனிரத்தினம். மாட்டைத் தேடி வந்தவர், என்னைப் பார்த்ததும் மாட்டையும் விட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடிவிட்டார்.

இரண்டாவது மலை, மறுநாள். ஏறி நின்றேன். ஒரு பக்கம் ஆந்திரா, ஒரு பக்கம் தமிழ்நாடு, எந்தப் பக்கமும் ஜான்சன் இல்லை. காற்று மட்டும்தான். ஆகா, இதற்குத்தானே வந்தோம் என்று கண்ணை மூடினேன்.

பையில் இருந்த போன் உயிர் பெற்றது.

காடு முழுக்க சிக்னல் கிடையாது. உச்சியில் மட்டும் முழுசாக இருக்கிறது. எந்தப் புண்ணியவான் வைத்த டவரோ! சர்ச் வாட்ஸாப் குரூப்பில் கும்பிடும் கைகளாக வந்து கொட்டியது. 'சிஸ்டர் சாப்பிட்டார்களா?' 'சிஸ்டருக்காக உபவாசம் இருக்கிறோம்.' நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டு அவர்கள் எதற்குப் பட்டினி கிடக்க வேண்டும்? நான் தனியாகப் போவதை குரூப்பில் போட்டது யார்? வேறு யார், ஜான்சன்தான். உடனே அவனே கூப்பிட்டான்.

"அக்கா, துன்னியா?"

"துன்னேன்."

"இன்னா துன்ன?"

"அவல்."

"வெறும் அவலா?" அந்தப் பக்கம் திரும்பி, "வெறும் அவல் துன்னுக்கினு கீது" என்றான். பல குரல்களில் 'ஐயோ' கேட்டது.

"டேய், யார்ரா அங்க?"

"ஜெபக்கூட்டம்க்கா. ஸ்பீக்கர்ல போட்டுக்கிறேன். கோவிச்சிக்காத... மாட்டாண்ட பேசிக்கினு இருந்தியாமே? நாகலாபுரத்துலருந்து போன் வந்துச்சி, ஊரெல்லாம் சொல்றாங்க."

"பேசல. திட்னேன்."

"மாடு இன்னா பண்ணிச்சி?"

"மரத்துல கட்ன நாடாவ துன்னுட்ச்சி."

"நீ இன்னாத்துக்கு மரத்துல நாடா கட்ற?"

"வழி தெரியறதுக்கு!"

பிறகு ஜான்சனின் குரல், என்னிடம் இல்லை, அங்கே இருந்த என் வீட்டுக்காரரிடம்: "மாமா! அக்காவுக்கு வழி தெரியலயாம்!"

பொய் பிறந்த இடம் இதுதான், வாசகர்களே. குறித்துக்கொள்ளுங்கள். நான் என்ன சொன்னேன், அவன் என்ன சொன்னான்? விளக்கிச் சொல்வதற்குள் ஜெபம் ஆரம்பித்துவிட்டார்கள். ஆமென் வரைக்கும் மரியாதைக்குக் காத்திருந்தேன். பிறகு போனை ஆஃப் பண்ணிப் பைக்கு அடியில் போட்டேன்.

இப்போது கீழே இருப்பவர்களுக்கு நான் எப்படித் தெரிவேன்? மாட்டோடு பேசுகிறாள், வழி தெரியவில்லை, போன் ஆஃப்.

மூன்றாவது மலை. மூன்றிலும் பெரியது. கை தேய்ந்து, முட்டி கிழிந்து, மூக்கை முள் இழுத்து, கடைசி ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறேன். எலுமிச்சை சாதம் வாசனை வருகிறது. பசி மயக்கம் என்று நினைத்தேன். பிறகு மேலேயிருந்து ஒரு சத்தம் — "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்."

ஜான்சன். ஞாயிற்றுக்கிழமை ஷூவில். பக்கத்தில் பாடகர் குழு ஆட்கள் கொஞ்சம் பேர், கை ஸ்பீக்கர், டிபன் கேரியர், அவித்த முட்டை. மாடு மேய்க்கிற சுலபமான பாதை ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறதாம். முனிரத்தினம் கூட்டி வந்திருக்கிறார்.

"அக்கா! கண்டுபுடிச்சிட்டோம்!"

"நீ எங்கடா கண்டுபுடிச்ச? குந்திக்கினு துன்னுக்கினு இருந்த. நான் இல்ல வந்து உன்ன கண்டுபுடிச்சேன்!"

தேடப் போனவன் உட்கார்ந்து சாப்பிட, தொலைந்தவள் நடந்து வந்து கிடைத்த கதையை நீங்கள் எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?

எனக்கு அழுகை வராத குறை. உங்களிடம் 'தனியாக' என்று எழுதிக் கொடுத்தவள். உச்சியில் கூட்டம் நின்றால் அது எப்படித் தனி ஆகும்? "எல்லாரும் எறங்குங்க. நான் தனியா ஏறணும்" என்றேன். பாவம், இறங்கினார்கள். பத்தடி தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்றார்கள். நான் உச்சியில் தனியாக நின்றேன். கண்ணை மூடினேன்...

"ஆச்சாக்கா?"

ஆச்சு. வேறு என்ன சொல்வது? உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். இரண்டு முட்டையும் சாப்பிட்டேன். அதை நான் மறைக்கவில்லை, நான் ஜான்சன் இல்லை.

இனிமேல் வருவதுதான் அவன் மைக்கில் சொல்லாதது.

தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது. "அதிகோ, மா பங்காரு!" என்று முனிரத்தினம் எழுந்தார். பங்காரு என்பது அந்த மாடு. ஓடினார், அவ்வளவுதான். அவர் வந்தது மாட்டுக்காக, நமக்காக இல்லையே. "கவலப்படாத, வந்த வழி எனக்கு தெரியும்" என்று ஜான்சன் முன்னால் நடந்தான். என் பக்கம் வாடா, நாடா இருக்கிறது என்றேன். "நீ சும்மா வாக்கா, களைச்சிப்போய்க்கீற" என்றான். போனோம். ஒரு பாறை வந்தது. இன்னும் போனோம். அதே பாறை வந்தது. அப்புறமும் போனோம். இந்த முறை பாறை மட்டும் இல்லை, போன சுற்றில் அதன்மேல் உட்கார்ந்து அவர்கள் உரித்துப் போட்ட முட்டை ஓடுகளும் இருந்தன.

பாடகர் குழுவில் கட்டைக் குரல்காரர் பயத்தில் மெல்லப் பாட ஆரம்பித்தார். ஜான்சன் பாறையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா... யாருக்காச்சும் போன் போடலாமா?" கண்ணில் தண்ணீர்.

"இன்னாடா அழுவற?"

"அழுவலக்கா. பூச்சி வுழுந்துட்ச்சி."

விசிலை எடுத்தேன். ஒரு ஊது. எல்லோரும் எழுந்தார்கள். குட்டையானவர் முன்னால், நெட்டையானவர் பின்னால். முதலில் முட்டை ஓட்டைப் பொறுக்கச் சொன்னேன், பொறுக்கினார்கள். ஏறி என் பக்கத்துச் சரிவுக்குக் கொண்டுவந்தேன். முதல் சிவப்பு நாடாவைப் பார்த்ததும் ஜான்சன் பயபக்தியோடு கேட்டான்: "யாரோட வேண்டுதல்க்கா இது?"

"உன்ன உயிரோட வூடு சேக்கறதுக்கு. அவுத்துக்கினே வா."

ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்தான். நிற்க முடிந்த இடத்தில் நின்று வந்தான், மற்ற இடமெல்லாம் உட்கார்ந்தபடியே வழுக்கி வந்தான். கீழே சேர்ந்தபோது அவன் பேன்ட்டுக்குப் பின்பக்கம் இல்லை.

அடிவாரத்தில் மரத்தடியில் என் வீட்டுக்காரர், பிளாஸ்க்கோடு. டீயை ஊற்றிக் கொடுத்தார். "காத்தாலருந்து மூணு மலையவும் பாத்துக்கினு கீறேன்மா. நல்லாக்கீது" என்றார். அட்டையில் போட்டபடி நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

தனியாக இருக்க நினைப்பவளை நம் ஆட்கள் விடுவதில்லை. அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பைத் தூக்கிக்கொண்டு மலை இறங்குவது யார்?

ஜான்சன், என் நாடாக்கள் இன்னும் உன் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. திருப்பிக் கொடு, காளஹஸ்திப் பக்கம் மலைகள் பாக்கி இருக்கின்றன. வருகிற ஞாயிறு, சாட்சி நேரத்தில், அதே மைக்கைப் பிடித்து, மொத்தச் சபைக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்: இறங்கும்போது விசில் யார் கழுத்தில் இருந்தது?