மரம் வெட்ட வந்த கரண்டுக்காரன்

கரண்ட் போனால் திட்டு வாங்குவதும், போகாமலிருக்கக் கிளை வெட்டினால் அதற்கும் திட்டு வாங்குவதும்தான் வயர்மேன் வேலை.

மழைக்காலத்துக்கு முன்னால் தெருத்தெருவாகப் போய், மின்கம்பியைத் தொடும் வீட்டு மரங்களைக் கழித்துவிட வேண்டும். காரைக்குடி வட்டாரத்தில் பதினேழு வருஷமாக இதைச் செய்கிறேன். அந்த நாட்களில் பேன் ஓடாமல், கையில் கிடைத்த பேப்பரால் விசிறிக்கொண்டு என்னைச் சபித்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். உங்கள் புழுக்கம் எனக்குத் தெரியும். என் புழுக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

பொறி பறந்த முருங்கை

செக்காலையில் ஒரு டீச்சர் வீடு. மாடியை ஒட்டி வளர்ந்த முருங்கை கம்பியில் உரசிப் பொறி பறக்கிறது என்று போன் செய்தார். நானும் கூட வேலை பார்க்கும் முருகேசனும் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு ஏணியோடு ஓடினோம். போய்ப் பார்த்தால், கிளைக்கும் கம்பிக்கும் நடுவே ஓர் ஆளே நுழையலாம். ஆனால் கிளை முழுக்கக் காய்.

கம்பிப் பக்கம் இரும்புத் தொரட்டியை நீட்டாதீர்கள் என்று போன வருஷம் நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அதை அப்படியே கடைப்பிடிக்கிறார். என்ன குறை சொல்ல முடியும்? லைனை நிறுத்தி, கிளையைக் கழித்து, காயைக் கட்டுக் கட்டாக எடுத்துக் கொடுத்தோம். இறங்கிய பிறகு, பொறி எங்கே டீச்சர் என்று கேட்டேன்.

"இன்னிக்கு இல்லண்ணே. காத்தடிச்சா நாளைக்குப் பறக்கத்தான போகுது?"

மறுநாள் வந்த அம்மன்

ஒக்கூரில் ஒரு விவசாயி வீட்டு வாசலில் வேப்பமரம். பாதி மரம் கம்பிக்குள்ளேதான் இருந்தது. நாளைக்கு வெட்ட வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் போனால் கிளையில் மஞ்சள் துணி, அடியில் குங்குமம், எலுமிச்சம்பழம். அம்மன் இறங்கிவிட்டாள், அரிவாள் படக்கூடாது என்றார். சாமியோடு மல்லுக்கு நிற்க எனக்கு அதிகாரம் கிடையாது. இன்ஜினீயரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டோம்.

சேதி ஊருக்குள் பரவியது. செவ்வாய்க்கிழமை பெண்கள் பொங்கல் பானையோடு வந்தார்கள். வெள்ளிக்கிழமை அந்த மரத்திலேயே ஒலிபெருக்கி கட்டினார்கள். அவரால் சொந்த டிராக்டரை வெளியே எடுக்க முடியவில்லை. மேடை கட்ட வாசலில் இடம் கேட்டார்கள் போலிருக்கிறது. மனிதர் நேராக எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டாய்யா. அந்த மஞ்சத் துணி கட்டுன கிளையையும் சேத்து எடுத்துருங்க."

நிறுத்திய லைனில் கரண்ட்

இதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. நாச்சியாபுரம் பக்கம் பழைய பெரிய வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். வாசல் கம்பத்தில் காகிதப்பூக் கொடி ஏறிக் கம்பியையே மூடிவிட்டது. வெளிநாட்டு விருந்தாளிகள் அதன் முன்னால்தான் போட்டோ எடுக்கிறார்கள், தொடாதீர்கள் என்று மேனேஜர் மன்றாடினார். கம்பிக்கு ஏறியதை மட்டும் எடுக்கிறேன் என்று சமாதானப்படுத்தி, டிரான்ஸ்பார்மரில் ப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஏணியில் ஏறினேன்.

நானே நிறுத்திய லைனானாலும் டெஸ்டர் வைக்காமல் தொடமாட்டேன். கையுறையோடு வைத்தேன். விளக்கு எரிந்தது. நம்பாமல் மறுபடி வைத்தேன், எரிந்தது. ஒவ்வொரு படியாக இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவியின் முகம் கண்முன் வந்து போனது.

நான் லைனை நிறுத்தியதும் ஓட்டலின் பின்கட்டில் போட்டுவிட்ட ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தெரு லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சை வைக்காமலே யாரோ இணைத்திருக்கிறார்கள். அந்த லைனில் மூன்றே வீடுகள், மற்ற இரண்டும் பூட்டிக் கிடப்பவை. அதனால் ஜெனரேட்டர் திணறாமல் தெருக்கம்பிக்கும் கரண்ட் அனுப்பிக்கொண்டிருந்தது. முருகேசன் ஓடிப்போய் நிறுத்தினான். மேனேஜருக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்து, அவரும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கொடி இருக்கட்டும் சார், முதலில் அந்தச் சுவிட்சை மாட்டுங்கள் என்றேன். அவர் காதில் விழவில்லை.

"பூவே வேணாம் சார். வேரோட வெட்டிருங்க."

எங்கள் வீட்டுக் கொய்யா

எங்கள் வீட்டுக் கொய்யாமரம் கம்பத்திலிருந்து வரும் ஒயரைத் தோளால் தள்ளிக்கொண்டு நின்றது. மனைவி சொல்லும்போதெல்லாம் இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று ஓட்டினேன். ஞாயிறன்று ஏணியைப் பார்த்தாலே எனக்கு இடுப்பு வலிக்கும். ஒருநாள் லீவு போட்டுவிட்டு சொந்த வேலையாக மதுரைக்குப் போய்த் திரும்பினால், வாசலில் முருகேசன் கொய்யாக் கிளைகளை அள்ளிக்கொண்டிருந்தான். உன்னை யார் அனுப்பியது என்றேன். புகார் வந்தது, அதனால் வந்தேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். யார் கொடுத்த புகார் என்று விடாமல் கேட்டேன்.

"மதினிதாண்ணே போன் போட்டாக. வீட்டுல கரண்ட் வேலை தெரிஞ்ச ஆம்பள யாரும் இல்லைன்னு சொன்னாக."

வெட்டிய கிளையெல்லாம் மூன்றே மாதத்தில் துளிர்த்துக் கம்பியைத் தேடி வந்துவிடுவதால், ஓய்வு பெறும்வரை எனக்கு வேலையில்லாத் திண்டாட்டம் மட்டும் வரவே வராது.