விபெகே கேட்ட இரண்டு நீளங்கள்

1926 ஜூன்: அசல் சுருள், 184 மீட்டர்.
1974 பிப்ரவரி 8: நகல், 276 மீட்டர்.
1990 செப்டம்பர் 3: விபெகே ஸ்கௌகோர், முதல் வருகை.
1999 மார்ச் 12: அவருடைய நூற்றுப் பன்னிரண்டாம் வருகை.

ஆர்ஹுஸ் துறைமுகத்துக்கு அருகே இருந்த படக்காப்பகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் நான்தான் பதிவாளன். இவை என் பதிவேட்டில் உள்ளவை.

விபெகே தத்துவம் படித்தவர். சினிமாவை வைத்துத் தத்துவம் பேச வேண்டும் என்று வந்தவர், ஒரு பள்ளி ஆசிரியர் எடுத்த பத்து நிமிடப் பேசாப் படத்திலேயே தங்கிவிட்டார். அதில் படகுத்துறையில் நிற்கும் ஒரு பெண் கையை உயர்த்துகிறாள். அந்தக் கை விட்டு விட்டு எழும். அந்தத் தயக்கம்தான் சிந்தனை, உடம்பு யோசிப்பதைக் கேமரா பிடித்துவிட்டது என்பது விபெகேயின் வாதம். அவருடைய முனைவர் ஆய்வு முழுவதும் அந்தக் கையில்தான் தொங்கியது.

மதியம் ரை தானிய ரொட்டியில் ஈரல் பசையைத் தடவிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிடுவார். என்னைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

வாய்மொழித் தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தபோது, அந்த நூற்றுப் பன்னிரண்டாம் வருகையில், ஓர் அடிக்குறிப்புக்காக அசல் சுருளின் நீளத்தைக் கேட்டார். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் இருந்தன. நகல் எப்படி ஒன்றரை மடங்கு ஆனது என்றார். பேசாப் படத்தைப் புதிய கருவியில் ஓட்டினால் ஆட்கள் ஓடுவதுபோல் தெரியும்; அதனால் நகலெடுத்தவர் சுருளின் ஒவ்வொரு இரண்டாவது படச்சட்டத்தையும் இருமுறை அச்சிட்டிருந்தார் என்று சொன்னேன்.

அசலைப் பார்க்க வேண்டும் என்றார். சுருங்கி நொறுங்கும் நிலையில் இருந்ததால் அதை யாருக்கும் கொடுப்பதில்லை. அன்று எடுத்துவந்து பார்வை மேசையில் வைத்து, கைப்பிடியை மெதுவாக நானே சுற்றினேன். பெண்ணின் கை ஒரே வீச்சில் எழுந்தது.

விபெகே இன்னொரு முறை சுற்றச் சொன்னார். பிறகு, “தயங்கினது அவ இல்ல, மெஷின்தான்” என்றார்.

“ஒம்போது வருஷம் இந்தப் புத்தகத்துக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஏன் கணக்குப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லல?”

“நீங்க கேக்கல. அப்புறம், எட்டரை வருஷம்.”

அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எல்லாரும் நகலைத்தானே பார்க்கிறார்கள், ஒரு குறிப்புப் போட்டுவிட்டுத் தேர்வை முடி என்று அவருடைய பேராசிரியர் சொன்னாராம். ஏப்ரல் 21 அன்று விபெகே ஆய்வைத் திரும்பப் பெற்றார். அவருக்கென்று வைத்திருந்த பல்கலைக்கழக வேலை வேறொருவருக்குப் போனது. சில்கெபோர்க் பக்கம், பெரியவர்கள் தேர்வில்லாமல் தங்கிப் படிக்கும் ஒரு மக்கள் பள்ளியில் கற்பிக்கப் போனார்.

2002இல் அவருடைய புத்தகம் வந்தது. கருவி தயங்கியபோது நாம் ஏன் அங்கே ஒரு மனத்தைக் கண்டோம் என்பதே அதன் கேள்வி. பார்ப்பவர் தன் யோசனையைத் திரைக்குக் கடன் கொடுக்கிறார் என்று அதில் எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் நன்றி எனக்கு. பேராசிரியருக்கு நான்காம் பக்கத்தில்.

நன்றி சொல்ல வேண்டியவன் நான். அதுவரை என் பதிவேட்டை யாரும் படித்ததில்லை. அதன்பின் அவருடைய மாணவர்கள் வந்து, படத்தைக் கேட்பதற்கு முன் இரண்டு நீளங்களையும் கேட்டார்கள். நானும் கேட்கும்வரை காத்திருப்பதை விட்டுவிட்டேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு முகவரிக்கு எழுதுவார். கடைசிக் கடிதம் மருத்துவமனையிலிருந்து வந்தது. தன் உடம்பைப் பற்றி ஒரு வரி. மீதியெல்லாம் ஒரு மாணவி பார்க்கவிருந்த படத்தைப் பற்றி. அசல் எத்தனை மீட்டர், நகல் எத்தனை என்று கேட்டிருந்தார். காப்பகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்து, அன்று மாலையே பதில் போட்டேன்.

கடிதம் வந்த நாள்: 2016 நவம்பர் 9.