நாங்க ரெண்டு பேர்தான்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, சபையின் கிட்டாரை வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருப்பது வழக்கம். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் உள்ள எங்கள் காலனியில் சர்ச் என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை ஹால். பத்து வயதில் அங்கேதான் கிட்டாரைத் தொட்டேன். பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற பாட்டுகளுக்கு நான்கு கார்டு, அதாவது கம்பிகளைச் சேர்த்து அமுக்குகிற நான்கு பிடி, தெரிந்தால் போதும். பதினைந்து வருடமாக அந்த நான்கையே வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிறு என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்த அண்ணி, வாசலில் நிற்காமல் நேராக உள்ளே வந்து டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி பெருநகர்ப் பக்கத்துப் பெண். என்னைவிட மூன்று வயது பெரியவள், ஆனால் அண்ணி, நாத்தனார் என்றில்லாமல் எங்களுக்குள் நீ, வா, போதான். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவள். கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் குழந்தை இல்லை. அன்று காலை ஆராதனைக்கு வந்த பெண்களில் ஏழு பேர் அவளிடம் “இன்னாம்மா, எதுனா விசேஷமா?” என்று கேட்டிருந்தார்கள். அவள் எண்ணி வைத்திருந்தாள்.

“இத அடிச்சா யாராச்சும் திட்டுவாங்களா?” என்றாள்.

“அடிச்சுப் பாரு.”

அவளுக்குத் தாளம் தெரியாது. குச்சியை எப்படிப் பிடிப்பது என்றும் தெரியாது. உலக்கையைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தாள். ஒரே வேகம். யாரையோ துரத்திக்கொண்டு ஓடுகிற வேகம். நான் கிட்டாரில் ஒரே ஒரு கார்டை அந்த வேகத்துக்கு இழுத்தேன். அண்ணி அடித்துக்கொண்டே “எதுனா விசேஷமா?” என்று கத்தினாள். நான் “இல்ல!” என்று கத்தினேன். “இன்னும் விசேஷமில்லியா?” “இல்ல!” “எப்பதான் விசேஷம்?” “உனுக்கின்னா!” அவ்வளவுதான் பாட்டு. நாற்பது நொடி இருக்கும். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அண்ணி சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள், பிறகு “இன்னொரு வாட்டி” என்றாள்.

இந்த மாதிரிச் சத்தம் எனக்குப் புதிதில்லை. ஒரகடம் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தபோது ஒருநாள் தானாக ஓடி வந்தது ஒரு பாட்டு. எந்த நாட்டுக்காரர்களோ, ஒரு கிட்டார், ஒரு டிரம், இரண்டு குரல். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மூன்று பாட்டு முடிந்துவிட்டது. இந்த வகை இசைக்குப் பெயர் த்ராஷ் பங்க் என்று கீழே போட்டிருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவர்களுக்கு எதன் மேலோ கோபம் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. அதன்பிறகு பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைத் தேடி வாங்கி, வீட்டில் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். கூட அடிக்க ஆள் இல்லாமல்தான் அது அங்கேயே கிடந்தது. அந்த ஆள் இரண்டு வருடமாக எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

மூன்றாவது ஞாயிறு பாஸ்டர் வந்து ஹால் வாசலில் நின்று எங்கள் சத்தத்தைக் கேட்டார். நல்ல மனிதர், திட்டவில்லை. சபைக்குப் புது கீபோர்டு வந்துவிட்டது, தாளமும் அதிலேயே வருகிறது என்றார்.

“இந்தப் பழைய டிரம்ஸ எடுத்துக்கினு போங்கம்மா. இங்க மட்டும் அடிக்காதீங்க.”

ஒரு பெரிய டிரம், ஒரு சின்ன டிரம், ஓரத்தில் கிழிந்த ஒரு பித்தளைத் தட்டு. அண்ணன் தன் லோடு ஆட்டோவில் ஏற்றி, நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தின் மோட்டார் ரூமில் இறக்கி வைத்தான். எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி வாங்க வழியில்லை. உத்திரமேரூரில் மைக் செட் கடைக்காரர் ஒருவர், இப்போது யாரும் வாடகைக்குக் கேட்பதில்லை என்று மூலையில் போட்டிருந்த கூம்பு ஸ்பீக்கரை அதன் பழைய மைக் செட் பெட்டியோடு கொடுத்தார். திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் கட்டுவார்களே, அதுதான். அதன் வழியாக கிட்டார் சத்தம் வந்தபோது தகரத்தைத் தரையில் தேய்ப்பது போல் இருந்தது. வேறு ஸ்பீக்கர் தேட வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஊரில் பேசினார்கள். பக்கத்து நிலத்துக்காரர் ஒருநாள் வரப்பிலிருந்தே, “பொம்பளைங்களா நீங்க? மாடு மெரண்டு ஓடுது!” என்று கத்தினார். அண்ணி வெளியே வந்து, “உங்க மாடு டிராக்டர் சத்தத்துக்கு மெரளாது, எங்க சத்தத்துக்கு மட்டும் மெரளுதா பெரியப்பா?” என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து மறுபடியும் ஆரம்பித்தாள். நான் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டிருந்தேன். அவளைப் பார்த்து மறுபடியும் எடுத்தேன்.

ஒரு வருடத்தில் ஒன்பது பாட்டு சேர்ந்தது. எட்டு பாட்டு இரண்டு பேரும் சேர்ந்து கத்திக் கத்தி உண்டாக்கியவை. ஒன்பதாவது என்னுடையது. அதன் பெயர் டோக்கன்.

கம்பெனியில் எங்கள் லைனில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் லைன் லீடரிடம் டோக்கன் என்கிற மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். நாற்பது பேருக்கு இரண்டு வில்லை. இரண்டும் வெளியே போயிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். மாத விலக்கு நாட்களிலும் அப்படித்தான். அதற்காகவே பல பேர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். இதை நாங்கள் யாரும் வீட்டில் சொன்னதில்லை; அண்ணிக்கே அந்தப் பாட்டு வந்தபோதுதான் தெரியும். சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. பாட்டில் நான்கு வரிதான். “எழுந்தா டோக்கன், போனா டோக்கன், வந்தா டோக்கன், எனக்கு வருது டோக்கன் குடு!” கடைசி வரியைத் தொண்டை கிழிகிற வரை திரும்பத் திரும்பக் கத்துவோம்.

மோட்டார் ரூமில் எடுத்த வீடியோ ஒன்றை நெட்டில் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். இந்த மாதிரி இசைக்கு அங்கே ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது, பெரிய மேடைகளுக்கெல்லாம் போகாதவர்கள், கிடைத்த இடத்தில் வாசிப்பவர்கள், அவர்களுக்குத் தான்தான் நிகழ்ச்சி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“சவுண்டு பயங்கரமா இருக்குங்க. ஒரே ஒரு விஷயம், அடியில கனமா கேக்கற பாஸ் கிட்டார் இல்லாம கொஞ்சம் வெறுமையா இருக்கு. நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், ஒரே நாள்ல கத்துப்பான்.”

“அப்புறம்?” என்றேன்.

“நீங்க கிராமத்துலேர்ந்து வர்றீங்க இல்லையா, அந்த மண்வாசனை கொஞ்சம் வேணும். நாட்டுப்புறப் பாட்டு மாதிரி ஆரம்பிச்சு, அப்புறம் இதுக்குள்ள போனீங்கன்னா ஜனங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

அண்ணி போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அண்ணா, எங்க ஊர்ல மண்ணு கீது, கல்லு ஒடைக்கிற கிரஷர் தூசும் கீது. வாசனை வேணும்னா வந்து மோந்து பாருங்க. பாட்டு இதான்.”

“சரி சரி. அந்த பாஸ் மட்டும்…”

“நாங்க ரெண்டு பேர்தான்.”

அவர் சிரித்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். குழுவின் பெயர் என்ன என்று கேட்டார். இல்லை என்றோம். போஸ்டரில் ‘உத்திரமேரூரிலிருந்து இரண்டு பேர்’ என்று போட்டிருந்தார்.

ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி. சென்னையில் மரச்சாமான் கிடங்கு ஒன்றின் கீழ்த்தளம். அண்ணன்தான் லோடு ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தான். இறக்கிவிட்டு அவன் வெளியே ஆட்டோவிலேயே இருந்துகொண்டான். அங்கே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் கறுப்பு டீ-ஷர்ட். கூம்பு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு நாங்கள் உள்ளே போனதும் சிலர் சிரித்தார்கள். சவுண்டு பார்க்கிற தம்பி வந்து, “அக்கா, இதுல கீச்சுனு வருது, நம்ம ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்” என்றான்.

“அந்தக் கீச்சும் பாட்டுதாம்பா” என்றேன்.

அண்ணி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பாட்டு ‘விசேஷம்’. நாற்பது நொடியில் முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் ஒரு பெண் “ஆமா!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அதிலிருந்து கூட்டம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. நடுவில் தட்டின் ஸ்டாண்டு சாய்ந்து விழுந்தது. அண்ணி அதை எடுக்கக் குனியாமல் மிச்ச இரண்டையும் வைத்தே அடித்தாள். ‘டோக்கன்’ பாட்டுக்கு முன்னால் மட்டும் அது எதைப் பற்றியது என்று இரண்டு வாக்கியம் சொன்னேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. கடைசி வரி வந்தபோது நாற்பது ஐம்பது பேரும் தரையில் மிதித்துக்கொண்டு “டோக்கன் குடு!” என்று கத்தினார்கள். ஒன்பது பாட்டும் பதினோரு நிமிடத்தில் முடிந்தன. இன்னொரு முறை என்று கேட்டார்கள். அண்ணி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அவ்ளோதான் கீது” என்றாள்.

யாரோ எடுத்த வீடியோ செவ்வாய்க்கிழமை எங்கள் லைனுக்கே வந்துவிட்டது. மதியம் எச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் போனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது நீதானே?”

“ஆமா சார்.”

“இத எடுக்கச் சொல்லு. கம்பெனியப் பத்தித் தப்பாப் பாடிட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. வேலையப் பாரு.”

“பாட்டுல கம்பெனி பேரே வரலியே சார்.”

“எந்தக் கம்பெனின்னு கேக்குற எல்லாருக்கும் தெரியும்மா.”

“அப்ப நம்ம கம்பெனில அது கீதுன்னு நீங்களே சொல்றீங்களா சார்?”

நான் காண்ட்ராக்ட் ஆள். அவர் அதற்கு மேல் பேச வேண்டிய அவசியம் இல்லை. காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினார். நான் பேனாவை எடுக்கவில்லை. கழுத்திலிருந்த ஐடி கார்டைக் கழற்றி அந்தக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு வந்தேன். லைன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். யாரும் தலை நிமிரவில்லை. நிமிர முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வலித்தது.

வீட்டில் அம்மா குதித்தாள். “பாத்ரூம் போறதப் போய் ஊரு கேக்கப் பாடுவியாடி? எவன் கட்டுவான் உன்ன?” அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

“மூணு வருசமா ஒண்ணுக்குப் போறதுக்குப் பர்மிசன் கேட்டுக்கினு இருந்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ” என்றான். செருப்பைக் கழற்றாமலே நின்றான். “ஊருக்குத் தெரிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியுது.”

வெட்கப்பட வேண்டியது நான் இல்லை என்பதைப் பாட்டில் கத்தத் தெரிந்த எனக்கு, அண்ணனிடம் உட்கார்ந்து சொல்லத் தெரிந்திருக்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு கத்தவில்லை.

வியாழக்கிழமை காலை பால் வாங்கப் போனபோது கம்பெனி பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றது. என்னை யாரும் பார்க்கக் கூடாது என்று கடை ஓரமாக ஒதுங்கினேன். இரண்டு பெண்கள் ஏறினார்கள். பஸ் கிளம்பும்போது உள்ளே தட்தட்தட் என்று சத்தம். முதலில் என்ஜினில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இல்லை. உள்ளே இருந்த பெண்கள் முன்சீட்டையும் பக்கத் தகரத்தையும் கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து யாரும் பாடவில்லை. அடி மட்டும்தான். அது ‘டோக்கன்’ பாட்டுக்கு அண்ணி போட்ட அடி. டிரைவர் “யேய், நிறுத்துங்கம்மா!” என்று கத்துவது கேட்டது. பஸ் வளைவில் திரும்புகிற வரை அவர்கள் நிறுத்தவில்லை. நான் பால் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பாக்கெட்டின் குளிர்ந்த தண்ணீரில் சுடிதாரெல்லாம் ஈரமாகிவிட்டது.

அதனால் கம்பெனி திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. ஒரு மாதத்தில் மஞ்சள் வில்லைகளை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு நோட்டை வைத்துவிட்டார்கள். போகிற நேரம், வருகிற நேரம், கையெழுத்து. என்னோடு வேலை செய்தவள் ஒருத்தி போன் செய்து இதைச் சொன்னாள். “ஆனா இப்ப ரெண்டு பேருன்னு கணக்கு இல்லடி, யார் வேணா போலாம்” என்றாள். அது சின்ன விஷயம் இல்லை. அவ்வளவு பெரிய விஷயமும் இல்லை. அன்று சாயங்காலமே ‘நோட்டு’ என்று இருபத்தைந்து நொடியில் ஒரு பாட்டு செய்தோம்.

இப்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன். கம்பெனியில் கற்ற சால்டரிங், ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலை, கைகொடுக்கிறது. அங்கே எழுந்து போக யாரையும் கேட்பதில்லை.

போன மாதம் அதே சென்னைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை காஞ்சிபுரத்திலேயே ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்றார். போஸ்டரையும் அனுப்பியிருந்தார். ‘பாட்டுக்காக வேலை இழந்த பெண்’ என்று என் படத்துக்குக் கீழே பெரிதாகப் போட்டிருந்தது. அண்ணியின் படம் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

“இத எடுத்துடுங்க” என்றேன்.

“ஏங்க, உண்மைதானே? அப்படிப் போட்டாத்தான் கூட்டம் வரும்.”

“வேலை போன கதை பாட்டு இல்ல. வந்து கேக்கறவங்க பாட்டக் கேக்கட்டும். எத்தினி மணிக்குன்னு மட்டும் போடுங்க.”

பின்னாலிருந்து அண்ணி, “என் மூஞ்சிய முழுசா போடச் சொல்லு” என்றாள்.

போட்டார். இருபது பேர்தான் வந்தார்கள். பத்து பாட்டும் அடித்தோம்.