ரத வீதியில் விரிந்த பசிபிக்

1988 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. தூத்துக்குடியிலிருந்து முந்தின நாளே வந்திருந்த நான், காலை எட்டரை மணிக்கு ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். கூடவே என் தோழி அமலி டீச்சர், அவளுடைய ஐந்தாம் வகுப்பு மாணவி முத்துமாரி, அப்புறம் ஐந்து பெருங்கடல்கள்.

கடல்கள் என்றால் துணிதான். ராஜபாளையத்தில் நெய்கிற பேண்டேஜ் துணியைத் தைத்துச் சேர்த்து, சொட்டு நீலத்தில் முக்கி, ஐந்தையும் ஒரே அளவுகோலில் அமலியின் வகுப்புப் பிள்ளைகள் வெட்டியிருந்தார்கள். ஆர்க்டிக் ஒரு துண்டு அளவு. முத்துமாரி தானே தைத்த பசிபிக்கோ, மடியில் வைத்ததும் அவள் முகத்தையே மறைத்தது.

"என்னம்மா லக்கேஜு?" என்றார் கண்டக்டர்.

"பசிபிக் பெருங்கடல்ண்ணே."

"அப்ப அரை டிக்கெட்டு பத்தாதே!" சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

பதினோரு கிலோமீட்டர்தான். ரத வீதியில் இருந்த பள்ளிக்கூடத்தில் மாணவர்களுக்கான கண்காட்சிப் போட்டி. எங்களுக்கு ஒதுக்கியதோ ஒற்றை பெஞ்சு.

"மடிச்சு வைங்க டீச்சர். இல்லன்னா வெளிய கொண்டு போங்க" என்றார் பொறுப்பாளர்.

முத்துமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "மடிச்சா இந்துமாக்கடலவிடச் சின்னதாயிரும் சார். பொறவு எதுக்கு அளந்து வெட்டுனேன்?"

அவர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அமலி அசரவில்லை. "ஏட்டி, அழாத. தெருவுல எம்புட்டு எடம் கெடக்கு, வா."

தேர் ஓடுகிற வீதி, அகலத்துக்குக் கேட்பானேன். மூலைகளில் செங்கல் வைத்துப் பசிபிக்கை விரித்தோம். கொஞ்ச நேரத்தில் வேடிக்கையாகிப் போனது. சைக்கிளில் வந்தவர் இறங்கி உருட்டினார். ஒருவர் செருப்பைக் கழற்றினார். சாமி புறப்பாட்டின்போது வழியில் நடைபாவாடை என்று துணி விரிப்பது இங்கே வழக்கம். அதுதான் என்று நினைத்துவிட்டார்கள்!

பூக்கூடையோடு வந்த ஒரு பெண் கைகூப்பிக் கேட்டாள்: "தாயார் எப்ப வாராக?"

"சாமி வரலக்கா. இது கடலு. ஒலகத்துலயே பெரிய கடலு."

அவள் கூடையை இறக்கிவைத்து நிதானமாகப் பார்த்தாள். "நமக்கு மழை இதுலருந்துதான் வருதா?"

"இல்லக்கா, அது வேற. செத்த நேரம் நில்லுங்க." முத்துமாரி உள்ளே ஓடி, பெஞ்சில் இருந்த இந்துமாக்கடலைத் தூக்கி வந்தாள். பசிபிக்கின் ஓரத்தோடு சேர்த்து விரித்து, டீச்சரிடம் ஊக்கு வாங்கி இரண்டையும் பிணைத்தாள். "நெசத்துல ரெண்டும் ஒட்டித்தான் கெடக்கும்."

சாமிக்கு விரித்ததல்ல என்று தெரிந்த பிறகும் அந்தப் பெண் துணியை மிதிக்கவில்லை. முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

அதற்குள் நடுவர்கள் உள்ளே வந்து, பெஞ்சில் மிச்சமிருந்த மூன்று கடல்களைப் பார்த்துவிட்டுக் கடந்துவிட்டார்கள். பரிசு, புகை விடும் எரிமலைக்கு.

மாலை பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நடுவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஒருநாளாவது அதை அந்தப் பூக்காரம்மா மாதிரி நின்று பார்த்திருப்பேனா என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

"பரிசு வரலியே, வருத்தமா இருக்கா?" என்று முத்துமாரியிடம் கேட்டேன்.

அவள் மடியில் இருந்த பசிபிக்கைச் சரிசெய்துகொண்டாள். "அவிய பெஞ்சத்தான பாத்தாவ. கடல அந்த அக்கா பாத்துட்டாவள்ல."