வெறும் ‘ஆச்சு’க்குத் தடை

“உங்க அக்கா கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் வேலை பாக்குறா?” என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டபோது எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

“மத்தவங்க செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கிறா” என்றேன்.

“அதை எங்க மாமியார் சம்பளம் வாங்காமலே செய்றாங்களே!”

அக்கா ஒரு டெஸ்டர், அதாவது மற்றவர்கள் எழுதும் புரோகிராமைச் சோதித்துப் பார்ப்பவள். அவளுடைய குழு ஒரு சலவைக்கடைக்குச் செயலி செய்துகொண்டிருந்தது. துணி தயாரானதும் வாடிக்கையாளரின் போனுக்குச் செய்தி போக வேண்டும். முதல் தடவை, துணியைக் கொடுத்த கையோடு ‘தயார்’ என்று செய்தி வர, ஒருவர் அழுக்குத் துணியையே திருப்பி வாங்கிப் போனார். அடுத்த தடவை, யாரோ ஒருவருடைய கால்சட்டை தயார் என்று ஊருக்கே செய்தி போனது. “இன்னொரு தடவை சொதப்பினா வேற ஆளைப் பாத்துக்குறேன்” என்று கடைக்காரர் கத்திவிட்டார். அப்படி நடந்தால் குழு கலைந்துவிடும். அக்காவைத் தூரத்துக் கிளைக்கு மாற்றிவிடுவார்கள். பள்ளி முடித்துச் சும்மா இருக்கும் எனக்கு அவளை விட்டால் சண்டை போட வேறு ஆள் கிடையாது.

தினமும் காலையில் எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் அக்கா வீடியோக் கூட்டத்தில் பேசுவாள். அன்று மைக்கை அணைக்க மறந்துவிட்டாள்.

“காபி ஆச்சா?” என்றார் அப்பா.

“ஆச்சு, ஆச்சு!” என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

அப்பா டம்ளரோடு போய்ப் பார்த்தார். “எங்க? பாத்திரம் காலியா இருக்கு! ஆச்சுன்னா போட்டாச்சுன்னுதானே அர்த்தம்?”

“குடிச்சாச்சுன்னு அர்த்தம்! எவ்வளவு நேரம் உங்களுக்காகக் காத்திருக்கிறது?”

குழுவே சிரித்தது. அக்கா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சிரிக்காதீங்க, நம்ம வியாதியும் இதுதான். கொட்டாவி அண்ணே, நீங்க ஆச்சுன்னா எழுதியாச்சுன்னு அர்த்தம். நம்ம லீடர் அதைக் கேட்டு, சோதிச்சாச்சுன்னு நினைச்சு வெளியே விட்டுடுறார். நான் இன்னும் தொட்டே இருக்க மாட்டேன்!”

கொட்டாவி என்பது, கூட்டம் முழுக்கக் கொட்டாவி விடும், புரோகிராம் எழுதும் அண்ணனின் பட்டப்பெயர். அவர் வாயை மூடிக்கொண்டார், அபூர்வமான காட்சி.

அன்றிலிருந்து வெறும் ‘ஆச்சு’க்குத் தடை. எழுதியாச்சா, சோதிச்சாச்சா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மீறினால் காமிரா முன்னால் பாட வேண்டும். மறுநாளே கொட்டாவி அண்ணன் பாடினார். அதன்பிறகு யாருக்கும் மீறும் தைரியம் வரவில்லை.

செயலியை வெளியிடும் நாள் வந்தது.

“என்னம்மா, ஆச்சா?” என்றார் லீடர்.

“சார், பாட்டு!”

“ஐயோ. சோதிச்சாச்சா?”

“பாதிதான். துணி மெஷின்ல சுத்தும்போதே தயார்னு செய்தி போகுது.”

“கடைக்காரர் காத்துக்கிட்டிருக்காரும்மா.”

“காத்திருக்கட்டும் சார். ஈரத் துணியை வாங்கிட்டுப் போனா இன்னும் கத்துவார்.”

கொட்டாவி அண்ணனும் அக்காவும் வீடியோக் கூட்டத்திலேயே ஒரே திரையைப் பார்த்தபடி, அவர் திருத்தத் திருத்த இவள் சோதித்தாள். மதியம் “சோதிச்சாச்சு!” என்று அக்கா கத்திய பிறகுதான் வெளியிட்டார்கள்.

சாயங்காலம் கடைக்காரர் கூப்பிட்டார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“செய்தியெல்லாம் சரியாப் போகுது. ஆனா எல்லாரும் ஒண்ணா வந்து நிக்கிறாங்க. எனக்கு உக்கார இடமில்ல!”

குழு தப்பித்தது. அக்கா எங்கும் போகவில்லை. இப்போதுகூட என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்றால், இந்தக் கதையை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.