கரி பஸ் நின்ற இடம்

கரிப்புகையின் நெடி மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் என் கால்கள் தாமாக வாசலுக்குத் திரும்புகின்றன. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதால், திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு வந்த பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, அடுப்புக்கரியை எரித்து ஓட்டினார்கள். எங்களுக்கு அது "கரி பஸ்". ஓட்டியவர் என் அப்பா. அம்மா இறந்த பிறகு என்னைப் பாடாலூரில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு, அவர் திருச்சியில் பஸ் ஷெட்டிலேயே படுத்துக்கொண்டார். அத்தை நல்லவள்தான், ஆனால் அவள் பிள்ளைகளே ஒரு கூட்டம், அதில் நான் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்தேன்.

பாடாலூர் வருவதற்குள் அடுப்பு மங்கிவிடும். சாம்பலைத் தள்ளி, கரி கொட்டி, கிளீனர் கையால் விசிறியைச் சுற்றி அனல் ஏற்றும் வரைக்கும், டிரங்க் ரோட்டுப் புளியமரத்தடியில் அப்பா எனக்கே எனக்கு. "தலைக்கு எண்ண வெச்சாளா ஒங்கத்த?" என்று கேட்டுக்கொண்டே கரிக்கையால் என் தலையைத் தடவுவார். "ஆபீஸ் போவணும், கெளம்புங்க டிரைவரே" என்று யாராவது பல்லைக் கடித்தால், "அடுப்பு புடிக்க வேணாமா சார்?" என்று ஒன்றும் தெரியாதவர்போலச் சொல்லிவிட்டு, கிளீனரிடம் குரலைத் தாழ்த்தி, "மெதுவா சுத்துடா" என்பார்.

சண்டை முடிந்து, பெட்ரோல் வந்தது. அடுப்பைக் கழற்றிப்போட்ட பஸ், புகையில்லாமல் வந்து நின்றது. அப்பா இறங்கவில்லை. "இனிமே டயத்துக்குப் போவணுமாம் கண்ணு, போயிட்டு வரேன்" என்று உட்கார்ந்தபடியே சொன்னார். பிறகு, ஏறவும் இறங்கவும் ஆளில்லாத நாட்களில் பஸ் நிற்கவே இல்லை. நான் மட்டும் தினமும் மரத்தடியில் போய் நின்றேன். "நல்ல காலம் வந்துடுச்சு" என்று ஊரே சொல்ல, மறுபடியும் சண்டை வரட்டும் என்று நான் சாமியிடம் கேட்டேன். வெட்கமென்ன, மனதாரத்தான் கேட்டேன்.

போன மாதம் மகனுடைய காரில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனேன். ரோடு ஆற்றைப்போல அகன்று கிடக்கிறது. புளியமரம் ஒன்றுகூட இல்லை. "பாடாலூர்ல செத்த நிறுத்துப்பா" என்றேன். "இங்க நிறுத்த முடியாதும்மா, பின்னாடி லாரி வருது" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் ஊர் போய்விட்டது. ஓரத்தில் யாராவது நின்றார்களா என்றுகூட என்னால் பார்க்க முடியவில்லை. நிற்காமல் போன நாட்களிலும் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டுதான் போயிருப்பார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.