நூறே போதும் என்றார்

என் மகளுக்குக் கொடுத்த மோட்டார் சைக்கிளில் என் மகள் போனது ஒரே ஒரு தெரு தூரம். அதற்குப் பிறகு அவள் அதில் ஏறவில்லை. இதைச் சொன்னால் கம்பத்தில் எங்கள் தெருவில் இன்னமும் சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் நான் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே என்ன கொடுத்தார்கள், என்ன கொடுக்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கணவர் போன பிறகு திராட்சைத் தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்த்தவள் நான். எங்கள் பந்தல் தாழ்வானது. பழம் பார்க்க வருகிற வியாபாரி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். நான் வரப்பில் நிமிர்ந்து நின்று விலை சொல்லுவேன்.

மாப்பிள்ளை தேவதானப்பட்டிப் பக்கம். பால் சங்கத்தில் எழுத்து வேலை. குடி கிடையாது, கெட்ட பேர் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று தோட்டத்தையும் பார்க்கட்டும் என்று கூட்டிப் போனோம். அவருடைய அண்ணன் நல்ல உயரம், பந்தலுக்குள் இரண்டாக மடங்கி நடந்தார். மாப்பிள்ளை அந்தக் கடைசிவரை குனியாமல் போய்த் திரும்பி வந்தார். கொத்துகள் அவர் தலைக்கு மேலேதான் தொங்கின. நானும் பார்த்தேன். நல்ல அடக்கமான நடை என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயம் பேசும்போது நகையெல்லாம் பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"நாங்க வாயத் தொறந்து எதுவும் கேக்க மாட்டோம் சம்பந்தி. ஒங்க பிள்ளைக்கு நீங்க செய்யப் போறீக. மூத்தவனுக்கு அவுக வீட்ல நூறு சிசி வண்டி குடுத்தாக. வாசல்ல நிக்கிது."

கேட்க மாட்டேன் என்று கேட்பது எனக்குப் பிடிக்காது. அதைவிட, மூத்த மருமகள் வீட்டைச் சொல்லி என் வீட்டை அளப்பது பிடிக்காது.

"அது பக்கத்துல எங்க வண்டியும் நிக்கட்டும். நூத்தம்பதா நிக்கட்டும்" என்றேன்.

சிசி என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பெரிய எண் பெரிய வண்டி என்று மட்டும் தெரியும். நூற்றைம்பது அப்போதுதான் நம் பக்கம் புதிதாக வந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லை.

அவர்கள் கிளம்பிப் போனதும் என் கொழுந்தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மதினி, மாப்பிள்ளை நின்னதப் பாத்தீகளா?"

"பாத்தேன். அதுக்கென்ன?"

"கொஞ்சம் கட்டையா இருக்காக. நூத்தம்பதுன்னா சீட்டு ஒயரம். கனமும் கூட."

"தட்டு மாத்தின பெறகு மாப்பிள்ளைய அளக்காதப்பா. அவுக காதுல விழுந்தா என்ன ஆகும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மாப்பிள்ளை குள்ளம் என்று பெண் வீட்டார் வாயிலிருந்து வந்தால் அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஆக, பார்த்தவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

வண்டி எடுக்கத் தேனிக்குப் போனோம். தேனி தனி மாவட்டமான பிறகு மதுரை ரோட்டில் வண்டிக் கடைகள் கண்ணாடியும் வெளிச்சமுமாக முளைத்திருந்தன. நானும் கொழுந்தனும் இந்தப் பக்கம், மாப்பிள்ளையும் அவர் அண்ணனும் அந்தப் பக்கம். கடையில் வண்டி காட்டியது ஒரு பெண். எடுத்த எடுப்பில் அவள் கேட்ட கேள்வி, யார் ஓட்டப் போவது என்று. மாப்பிள்ளை லேசாகக் கையைத் தூக்கினார். அந்தப் பெண் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எங்களை நூறு நிற்கிற வரிசைக்குக் கூட்டிப் போனாள்.

"சாருக்கு மொத வண்டிதான? மொத வண்டின்னா நூறு நல்லதும்மா. கனம் கம்மி, நின்னு கெளம்ப லேசு. ஊருக்குள்ள ஓட்ட இது தாராளம். நூத்தம்பது மலை ஏற, தொலைவு போக எடுக்கிறது."

"ஏம்மா, நீ விக்க வந்தியா, வேணாங்க வந்தியா?" என்றேன்.

அண்ணன்காரர் பலமாகச் சிரித்தார். அந்தப் பெண் நூற்றைம்பது பக்கம் திரும்பினாள்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். "தம்பிக்கு இன்னும் லைசென்ஸ் கைக்கு வரல, நான் பாக்குறேன்" என்று அண்ணன் எடுத்துக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பினார். வரும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, அவருக்கே மறுபடி பெண் கொடுத்த மாதிரி இருந்தது.

பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தி மாப்பிள்ளையை உட்காரச் சொன்னார்கள். ஸ்டாண்டில் நிற்கிற வண்டிக்குக் கால் எதற்கு? ராஜா மாதிரி உட்கார்ந்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"ஸ்டாண்ட எடுத்துட்டு ஒருக்கா உக்காந்து பாருங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

"வேணாம்மா. புது வண்டி, எங்கயாச்சும் கீறிடும்" என்றார் அண்ணன்.

மாப்பிள்ளை இறங்கினார். இறங்க ஒரு சின்னக் குதி குதிக்க வேண்டியிருந்தது. நேரே என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அத்தை, நூறே போதும்."

"எங்க செலவப் பத்தி நீங்க யோசிக்க வேணாம் மாப்பிள்ளை."

"செலவுக்குச் சொல்லல அத்தை."

"பெறகு எதுக்கு?"

அண்ணனை ஒரு தரம் பார்த்தார். கடையின் வழுவழுத் தரையைப் பார்த்தார். விளக்கமாகச் சொல்லியிருக்கலாமே என்று நான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமியாரிடம், அண்ணன் முன்னால், கடைக்காரப் பெண் கேட்க, ஒரு ஆம்பிளை எதைத்தான் விளக்கிச் சொல்வார்?

கல்யாணத்தன்று மண்டப வாசலில் வண்டி மாலை போட்டுக்கொண்டு நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் போனார்கள், வண்டியை அண்ணன் ஓட்டிப் போனார். அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. மறுவீட்டுக்கு வந்தபோதும் அவர்கள் வேனில் வந்தார்கள், வண்டியை அண்ணன்தான் ஓட்டி வந்தார். அப்போது தெருப் பெண்கள் வாசலில் நின்றார்கள். நான் எத்தனை நாளாக அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"மாப்பிள்ளை, ரெண்டு பேரும் வண்டியிலயே அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்றேன்.

மாப்பிள்ளை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் மகள், "நடந்தே போயிட்டு வர்றோம்மா" என்றாள். அவளுக்கு அதற்குள் தெரிந்திருக்கிறது. நான் விடவில்லை.

அண்ணன் வண்டியைப் பிடித்துக்கொள்ள ஏறினார்கள். கிளம்பியதும் நன்றாகத்தான் போனது. ஓடுகிற வண்டிக்கும் கால் வேண்டியதில்லை. தெரு முனையில் வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் குறுக்கே வந்து நின்றது. மாப்பிள்ளை பிரேக் பிடித்தார். இடது கால் தரையைத் தேடியது. கட்டைவிரல் மட்டும் பட்டது. வண்டி சடாரென்று விழவில்லை. களைத்த மாடு படுப்பது போல மெதுவாக, எல்லோரும் பார்க்கப் பார்க்கச் சாய்ந்தது. என் மகள் கூறைப்புடவையோடு மண்ணில் உட்கார்ந்தாள்.

யாருக்கும் அடி இல்லை. வண்டியை நிமிர்த்த மூன்று பேர் ஓடினார்கள். மாப்பிள்ளை மகளின் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி என் காதோரம் வந்து, "வண்டி குடுத்தீக, ஏணி குடுக்கலயே ஆத்தா" என்றாள்.

அன்றைக்குப் பிறகு மாப்பிள்ளை அந்தச் சாவியைத் தொடவில்லை.

அதன் பிறகு வண்டி அண்ணனுக்கு. தோட்டத்துக்கு, டவுனுக்கு, பெரியகுளத்துக்கு, சினிமாவுக்கு எல்லாம் அவர் அதில்தான். அவருடைய பழைய நூறு வாசலில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. மாப்பிள்ளை சைக்கிளில் பால் சங்கத்துக்குப் போனார். என் மகள் இடுப்பில் பிள்ளையோடு டவுன் பஸ்ஸுக்கு நின்றாள். நான் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் நேரே போய்க் கேட்டேன்.

"பெரியவுக நூத்தம்பத வச்சுக்கிரட்டும். அந்த நூற தம்பிக்குக் குடுத்துட்டா ரெண்டு பேருக்கும் ஆச்சு."

மூத்த மருமகள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "எங்கப்பா எனக்குக் குடுத்த வண்டி. நான் எதுக்கு விட்டுக் குடுக்கணும்?"

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சம்பந்தியம்மா சிரித்தார். "ஒரே வீடு, எவன் ஓட்டுனா என்ன? குடுத்தது துருப்பிடிச்சு நிக்காம ஓடுதேன்னு சந்தோசப்படுங்க."

மாப்பிள்ளை எனக்கு ஒரு கலர் சோடா வாங்கி வந்து நீட்டினார். நான் குடிக்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்த மகள், "வண்டியக் கேட்டு இனி இங்கன வராதம்மா" என்றாள். "நீ வந்துட்டுப் போற. நான்ல இருக்கணும்."

சில வருடம் கழித்து, தையல் தைத்த காசில் அவளே ஒரு மொபட் வாங்கியதாகப் போனில் சொன்னாள். எழுபதுகூட வராத வண்டி. கியர் கிடையாது. பால்காரரும் கீரைக்காரரும் ஓட்டுகிற வண்டி.

"நூத்தம்பது குடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மொபட்டா? தெருவுல என்ன சொல்லுவாக?" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

பேரனுக்குக் காது குத்துவது பற்றிப் பேச அந்த வருடம் தேவதானப்பட்டிக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் கொஞ்ச தூரம் நடந்திருப்பேன், பின்னாலிருந்து வந்து ஒரு வண்டி நின்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அண்ணன்காரர் ஒரு காலைத் தரையில் அகலமாக ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"ஏறுங்க அத்தை. வீட்டுக்குத்தான் போறேன்."

"நீங்க போங்க. நான் நடந்துக்கிறேன்."

"நம்ம வண்டிதான அத்தை."

நான் நடந்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். நான் வாங்கிக் கொடுத்த வண்டியின் புகை என் முகத்தில் பட்டது.

பாதி வழியில் எதிரே மொபட் வந்தது. என் மகள் ஓட்டினாள். மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வந்ததும் இரண்டு பேரும் காலை ஊன்றினார்கள். நாலு பாதமும் தரையில் முழுதாகப் பட்டன.

"நீங்க உக்காருங்க அத்தை" என்று மாப்பிள்ளை இறங்கி என் பையை வாங்கிக்கொண்டார். "நான் நடந்து வர்றேன்."

வெயில் தாங்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன். என் மகள் கிளப்பவில்லை. தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"கால் எட்டுதாம்மா?"

எட்டியது. நான் சொல்லவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் தோளைப் பிடிக்காமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.